இடாப்பில் ஏறிய பெயர்
தொண்டமானின் பொதுவாழ்வு நமக்குச் சொல்லும் பாடம்



கிராம அபிவிருத்திச் சங்கம் கூடினாலும் மாதர் சங்கம் கூடினாலும் ஒரு கேள்வி எழாமல் கூட்டம் முடிவதில்லை. "நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பினவர் எங்களுக்கு என்ன செய்தவர்?" என்பதே அது. குளக்கட்டு உடைந்து கிடக்கிறது, வீதி குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, வீட்டுத்திட்டப் பட்டியலில் நம் பெயர் இல்லை. ஆகவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதற்கு முன்னே கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. வாக்கே இல்லாத மக்களுக்கு ஒரு பிரதிநிதியால் என்ன செய்ய முடியும்?

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தவர் மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1947இல் நுவரெலியா மக்கள் அவரை வாக்களித்துத் தெரிவு செய்தார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவருக்கு வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தார்கள். மீண்டும் மக்கள் வாக்கினால் அவர் பாராளுமன்றம் சென்றது 1977இல். இடையில் சென்றவை முப்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் இவ்விதழில் படித்துச் சிந்திப்போம்.

மன்னாரும் மலையகமும்

மலைநாட்டுத் தலைவர் ஒருவரின் வரலாறு மன்னார்க் கரையில் வாழும் நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். மலையக மக்களின் கதை தொடங்கியதே நம் கரையில்தான் என்பதை மறக்கவேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்தின் வரண்ட கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெருந்தொகையினர் தோணிகளில் வந்து மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டவர்கள் பலர். 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதமும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய பின்னரே அந்த நடைப்பயணத்தின் துன்பம் ஓய்ந்தது.

பின்னாளில் அவர்களில் பல இலட்சம் பேர் திரும்பிப் போனதும் இதே தலைமன்னார்த் துறையால்தான். இன்னொரு தொடர்பும் உண்டு. 1958, 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறின. இன்று நம்மோடு வயல் செய்பவர்களில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். யுத்தம் வந்தபோது அவர்கள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் இடம்பெயர்ந்தார்கள்.

தோட்டத்துப் பிள்ளை, தொழிற்சங்கத் தலைவர்

தொண்டமான் 1913 ஆகஸ்ட் 30ஆம் நாள் தமிழகத்தின் முனப்புதூரில் பிறந்தார். தந்தையார் கருப்பையா இலங்கைக்கு வெறுங்கையோடு வந்து உழைத்து முன்னேறி, இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளரானவர். மகன் 1924இல் பதினொரு வயதில் இங்கு வந்து கம்பளையில் கல்வி கற்றார்.

1939இல் ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது, பிரிந்து கிடந்த இந்திய வம்சாவளி அமைப்புகள் ஒன்றுசேர்ந்து இலங்கை இந்தியக் காங்கிரசை அமைத்தன. அதன் தொழிற்சங்கமே பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. தோட்டச் சொந்தக்காரரின் மகன் தொழிலாளருக்குத் தலைவரானதை அன்றும் சிலர் கேள்விக்குள்ளாக்கினர். ஆயினும் லயங்களுக்குச் சென்று ஆட்களைச் சங்கத்தில் சேர்த்து, சந்தாவைத் தவறாது திரட்டி, தோட்டந்தோறும் தலைவரை நியமித்து, அவர் கட்டிய அமைப்பு நாட்டின் மிகப் பெரிய தொழிற்சங்கங்களில் ஒன்றாக வளர்ந்தது.

பேனாவால் பறித்த வாக்கு

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தொண்டமானும் காங்கிரசின் வேறு வேட்பாளர்களும் மலையகத் தொகுதிகளில் வெற்றி பெற்றார்கள். அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி பரம்பரைப் பிரஜையாவதற்கு ஒருவர் இந்த நாட்டில் பிறந்தது மட்டும் போதாது. தன் தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவவேண்டும். பாட்டன் பிறந்த காலத்தில் பிறப்பைப் பதிந்தவர் யார்? இக்கேள்வி நாட்டின் எந்தக் கிராமத்து ஏழைக்கும் பொருந்தும். ஆனால் பத்திரத்தைக் காட்டும்படி கேட்கப்பட்டவர்கள் தோட்டத்து மக்களே. ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒரு நாட்டுக்கும் உரித்தற்றவர்கள் ஆனார்கள். 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்று விதித்தது. 1952 தேர்தலில் காங்கிரசால் ஓர் இடத்தையும் பெற முடியவில்லை.

1949இல் இன்னொரு சட்டமும் வந்தது. குறித்த காலம் இங்கு தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமை கோரலாம் என்றது அது. இச்சட்டம் அநீதியானது என்று காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்காமல் ஒதுங்கி நின்றது. கால எல்லை நெருங்கியபோது நிலைப்பாட்டை மாற்றி, எல்லோரும் விண்ணப்பியுங்கள் என்று மக்களைத் தூண்டியது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியவர்கள் 8 இலட்சத்துக்கும் மேல். ஆனால் 1960களின் தொடக்கம் வரை பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் 1,34,000 அளவில் மட்டுமே. இடையில் ஊருக்குப் போய்வந்தது, பெயரில் எழுத்து மாறியிருந்தது, துண்டு தொலைந்தது என்று பலரின் விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின.

இங்கே ஒரு பாடத்தைக் குறித்துக்கொள்வோம். சட்டம் அநீதியாயின் அதை எதிர்க்கவேண்டும். அதே வேளையில் அந்தச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் பதிவையும் தவறவிடக்கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டிய வேலைகள்.

தேர்தல் இல்லாத பிரதிநிதி

வாக்காளர்களை இழந்த தலைவர் என்ன செய்தார்? 1952இல் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் நடந்தது. பல மாதம் தொடர்ந்தும் சட்டம் மாறவில்லை. 1956இல் அப்துல் அஸீஸ் பிரிந்து தனிச் சங்கம் அமைத்தார். 1960இல் தொண்டமான் நியமன உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். தேர்தலில் இடம் கிடைக்காத சமூகங்களுக்காக ஆறு பேர் வரை நியமிக்க அன்றைய அரசியலமைப்பு இடமளித்தது. 1965இலும் அவ்வாறே நியமனம் பெற்றார்.

நியமன உறுப்பினருக்கு வாக்காளர் பலம் இல்லை. நியமித்த அரசைப் பகைத்தால் அடுத்த முறை இடமும் இல்லை. ஆகவே அவருடைய உண்மையான பலம் பாராளுமன்றத்துக்கு வெளியே, சந்தா கட்டிய தொழிலாளரிடம் இருந்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பது நின்றால் நாட்டின் வருமானம் நிற்கும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அவருடன் பேசியதற்குக் காரணம் இதுவே.

எண்ணாகிப்போன மனிதர்கள்

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று தீர்த்தார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. அவர்களின் சங்கங்களும் அந்த மேசையில் இருக்கவில்லை.

தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றி வந்த புகையிரதத்தை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தார்கள். அண்ணன் இங்கு, தங்கை அங்கு என்று குடும்பங்கள் பிரிந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984இல் யுத்தத்தால் கப்பல் சேவை நின்றது. புறப்பட இருந்தவர்கள் பலர் புறப்படாமலே நின்றுவிட்டார்கள்.

மனிதரை எண்ணாகப் பார்க்கும் போக்கு நம் நாட்டில் மட்டும் காணப்பட்டதன்று. உறவினர் பலர் குடியேறியுள்ள கனடாவின் வடகோடியில், பனிப் பிரதேசத்தில், இனுயிட் என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களின் பெயர்களை எழுதுவது கடினம் என்று சொல்லி, 1940கள் தொடக்கம் அரசு ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சிறு வில்லையைக் கொடுத்தது. கடிதம் முதல் மருத்துவக் குறிப்பு வரை அந்த எண்ணே பெயராயிற்று. 1934இல் பறிக்கப்பட்ட வாக்குரிமை 1950இல் திரும்பக் கிடைத்தும், வாக்குப்பெட்டி எல்லா ஊர்களுக்கும் போய்ச்சேரப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

1966இல் அந்த மக்களிடமிருந்து வடமேற்குப் பிரதேசச் சபைக்கு முதன்முதலாகத் தேர்தலில் தெரிவானவர் சைமனி மைக்கல். தம்மை ஈ7-551 என்ற எண்ணால் அழைக்கவேண்டாம், பெயரால் அழையுங்கள் என்று அவர் சபையில் எழுந்து கேட்டார். அதன் பயனாக 1968 முதல் 1971 வரை, அதே சபையில் முன்னர் நியமன உறுப்பினராயிருந்த ஏப் ஒக்பிக் என்னும் இனுயிட் தலைவர் ஊர் ஊராகச் சென்று மக்களைச் சந்தித்து, அவர்கள் விரும்பிய குடும்பப் பெயர்களைப் பதிந்தார். மக்களை அவர்களுடைய பெயரோடு இடாப்பில் ஏற்றுவதே அந்தச் சபை உறுப்பினர் கண்ட முதல் வேலை.

வழிபாடே வேலைநிறுத்தமான கதை

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். 1977இல் நுவரெலியா மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராகத் தெரிவானார். 1978இல் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். 1984இல் நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவில் தோட்டத்துப் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. ஒரே மலையில் ஒரே நேரம் உழைத்தும் குறைந்த கூலி வாங்கிய பெண்களுக்கு இது பெரும் மாற்றமாகும்.

1986 தைப்பொங்கலன்று தொழிற்சங்கங்கள் ஒரு வழிபாட்டு இயக்கத்தைத் தொடங்கின. தொழிலாளர் காலையில் கோயில்களில் கூடி வழிபட்டுவிட்டு, பிந்தியே வேலைக்கு இறங்குவார்கள். கல் எறியவில்லை, கோஷம் போடவில்லை. பிரார்த்தனை செய்பவரைத் தடியால் அடிப்பது எந்த அரசுக்கும் எளிதன்று. கொழுந்தோ முற்றிக்கொண்டிருந்தது. நீண்ட நாள் செல்லுமுன் அரசு இணங்கியது. இந்தியாவுக்குரிய பங்கு 6,00,000 ஆக இருந்தும் அங்கு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேரே. மிஞ்சிய 94,000 பேருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை வழங்க 1986இல் சட்டம் வந்தது. 1988இல் வந்த 39ஆம் இலக்கச் சட்டம், சத்தியக்கடதாசியின் மூலம் உரிமையை நிலைநாட்டும் அளவுக்கு நடைமுறையை எளிதாக்கியது.

தொண்டமான் 1999 ஒக்டோபர் 30ஆம் நாள் காலமானார். அவர் தொடங்கிய வேலை அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் பிரஜைகளே என்று 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. யுத்தத்தால் தமிழக முகாம்களுக்குச் சென்றவர்களையும் உள்ளடக்க 2009இல் அது திருத்தப்பட்டது. 1948இல் எடுத்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுக்க அறுபது ஆண்டுகள் பிடித்தன.

குறைகளையும் பார்ப்போம்

தலைவர்களைப் போற்றுவதோடு நின்றுவிட்டால் அது படிப்பாகாது. 1983 ஜூலையில் தம் மக்களும் தாக்கப்பட்ட பின்னரும் அவர் அரசிலேயே தொடர்ந்திருந்ததைப் பலர் கண்டித்தனர். உள்ளே இருந்ததால்தான் 1986இல் சாதிக்க முடிந்தது என்பது அவர் பக்கத்தவர் பதில். தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேல் பெண்களாயிருந்தும் சங்கத் தலைமையில் பெண்கள் மிகச் சிலரே. வாக்குரிமை கிடைத்த பின்னரும் லயத்துக் காம்பறாவுக்கும் காணித்துண்டுக்கும் சொந்த உறுதி கிடைக்காத குடும்பங்கள் இன்றும் ஏராளம். வாக்கு ஒரு திறவுகோல். கதவைத் திறந்து உள்ளே போகும் வேலை அதற்குப் பின்னும் இருக்கிறது.

நமக்குரிய பாடம்

இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இக்கதை அந்நியமானதன்று. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்தும் முசலியிலிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டன. 2007இலும் 2008இலும் முசலி, மாந்தை மேற்குக் கிராமங்கள் வெறிச்சோடின. 2007இல் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளத்து மக்கள் பத்தாண்டுக்குப் பின், 2017இல், தெருவோரம் தொடர்ந்து அமர்ந்தே கடற்படையிடமிருந்து காணியில் ஒரு பகுதிக்கு விடுவிப்பு வாக்குறுதி பெற்றார்கள். ஓடும்போது சோற்றுப்பானையை எடுத்தோம், பத்திரங்களை விட்டுவிட்டோம். திரும்பி வந்தபோது அலுவலகங்கள் முதலில் கேட்டவை அந்தப் பத்திரங்களே.

பெயர் இடாப்பில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010இல் ஒன்பது உறுப்பினர்களை அனுப்பியது. 2015இல் அது ஏழாகவும் 2024இல் ஆறாகவும் குறைந்தது. இடாப்பில் வாக்காளர் தொகை குறைந்தால் ஆசனங்களும் குறையும். ஆசனம் குறைந்தால் நமக்காகப் பேசும் வாயும் குறையும்.

எனவே ஒவ்வொரு குடும்பமும் சங்கமும் பின்வருவனவற்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. வாக்காளர் இடாப்பு மீளாய்வு செய்யப்படும்போது, பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரின் பெயரும் சரியான எழுத்தில் உள்ளதா என்று கிராம உத்தியோகத்தரிடம் நேரில் பாருங்கள். முதியோருக்காகவும் வெளியூரில் வேலை செய்வோருக்காகவும் சங்கம் பார்க்கட்டும்.

2. பிறப்பு, விவாகம், இறப்புப் பத்திரங்களின் பிரதிகளைப் பெற்று வையுங்கள். பெயரில் எழுத்து வேறுபட்டால் தேவை வரும்வரை காத்திராமல் இப்போதே திருத்துங்கள். காணாமற்போனோர் உள்ள குடும்பங்கள் அவசரப்பட்டு எதிலும் கையொப்பமிடாது, முதலில் சட்ட ஆலோசனை பெறுவது நல்லது.

3. வயற்காணி கமநல சேவை நிலையத்தின் இடாப்பில் யார் பெயரில் உள்ளது என்று விசாரியுங்கள். காணி அனுமதிப்பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவித்து, கடிதம் கிடைத்ததற்குரிய அத்தாட்சியை வாங்கி வையுங்கள். கணவர் பெயரில் மட்டும் உள்ள காணியில் மனைவியின் உரிமை பற்றியும் கேளுங்கள்.

4. எல்லாப் பத்திரங்களையும் பிரதியெடுத்து ஒரு தொகுதியை வேறூரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

5. பிரதிநிதியிடம் போகும்போது தனித்தனியாகப் போகாமல் சங்கமாகப் போங்கள். "உதவி செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர், எந்த அலுவலகத்தில் எந்தத் திகதியில் கொடுத்த மனு என்று எழுதிக் கொடுங்கள். மூன்று மாதத்தில் மீண்டும் சென்று பதில் கேளுங்கள்.

தொண்டமானுக்குப் பாராளுமன்றக் கதிரை இருந்த காலமும் உண்டு, இல்லாத காலமும் உண்டு. இரண்டு காலத்திலும் அவர் பின்னால் தோட்டந்தோறும் ஒரு சங்கம் இருந்தது. சங்கத்துக்குச் சந்தா கட்டியவள் பெயர் தெரியாத ஒரு கொழுந்து பறிக்கும் தாய். நமக்கு யார் பிரதிநிதியாக வந்தாலும், அவருக்குப் பின்னால் நாம் எப்படி நிற்கிறோம் என்பதை நாமே தீர்மானிக்கவேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. நம் கிராமத்தில் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? ஏன் விடுபட்டார்கள்?

2. அநீதியான சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பது சரியா? காங்கிரஸ் முதலில் எடுத்த முடிவையும் பின்னர் எடுத்த முடிவையும் ஒப்பிட்டுப் பேசுக.

3. அரசுக்குள் இருந்து பேசுவதா, வெளியே நின்று போராடுவதா? நம் காணிப் பிரச்சினைக்கு எது பயன் தரும்?

4. நம் சங்கத்தில் பெண்கள் எத்தனை பேர் நிர்வாகத்தில் உள்ளனர்? அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எப்படி மாற்றலாம்?

5. நம் கிராமத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் உண்டா? அவர்களின் காணிப் பத்திரங்கள் எந்த நிலையில் உள்ளன? நாம் எவ்வாறு உதவலாம்?